பந்து இல்லாத படம்

எந்த கோலுக்குப் பின்னால் உட்காருவது? முப்பது வருடமாக ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் என்னைக் குடைந்த கேள்வி இது ஒன்றுதான். கேமரா, லென்ஸ், வெளிச்சமெல்லாம் அதற்குப் பிறகு. கால்பந்துப் படம் எடுக்கிறவனுக்கு ஒரு நேரத்தில் ஒரு கோல் மட்டுமே சொந்தம். எதிர்ப்பக்கம் விழுகிற கோல் அடுத்த தெருவில் நடக்கிற கல்யாணம் மாதிரி. மேளச் சத்தம் கேட்கும், தாலி கட்டுவதைப் பார்க்க முடியாது.

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. புவனேஸ்வரம் கலிங்கா மைதானத்தில் சூப்பர் கோப்பை ஆட்டம். கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். மைதானத்துக்குள் நுழைந்ததும் மற்ற போட்டோகிராபர்கள் டீ தேடிப் போனார்கள். நான் மடக்கு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டிருந்தேன். விளம்பரப் பலகைகள் எங்கே இருக்கின்றன, பின்னணியில் கூட்டம் தெரியுமா, காலி நாற்காலிகள் தெரியுமா, எந்தக் கம்பத்து விளக்கு முகத்தில் விழும், எது முதுகில் விழும் என்று பார்த்தேன். கலிங்காவில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பாதை உண்டு. கேலரி அவ்வளவு தூரம் தள்ளிப்போவதால் பின்னணி நன்றாகக் கரையும். தரையோடு தரையாக உட்கார்ந்தால் ஆட்டக்காரருக்குப் பின்னால் புல் தெரியாது, மனிதத் தலைகள் தெரியும். நின்றுகொண்டு எடுத்தால் அதே படத்தில் பாதி புல்லாகிவிடும். முக்காலி நான்கு அங்குலம் உயரமா ஆறு அங்குலமா என்பதுகூட எனக்குப் பெரிய விஷயம்.

அன்றைக்கு என் முடிவு எளிது. ஈஸ்ட் பெங்கால் எந்தப் பக்கம் தாக்குகிறதோ அந்தப் பக்கம். இடைவேளையில் அவர்களோடு நானும் மாறிக்கொள்வேன். காரணம் அந்த அணியின் விங்கர் நந்தகுமார் சேகர். எங்கள் சென்னைப் பையன்.

சரியாகச் சொன்னால், ஐந்து மாதத்துக்கு முன்னால் பட்ட கடன்தான் காரணம்.

2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூராண்ட் கோப்பை. அதே இரண்டு அணிகள். 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் இந்த மோதலில் ஜெயித்ததே கிடையாது. தொடர்ந்து எட்டுத் தோல்வி. மோகன் பகானிடம் உலகக் கோப்பை அணிகளில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள், இந்திய அணி ஆட்டக்காரர்கள் பலர். கோல் மோகன் பகான்தான் அடிக்கும் என்று கணக்குப் போட்டேன். அந்த மைதானத்தில் இருந்த பலருடைய கணக்கும் அதுதான். இரண்டாம் பாதியில் மோகன் பகான் தாக்குகிற கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். 60ஆவது நிமிடம். மைதானத்தின் மறுகோடியில் வலது பக்கமாகப் பந்தை வாங்கிய நந்தகுமார் உள்ளே வெட்டி, இடது காலால் வளைத்து, தூரத்து மூலைக்குள் அனுப்பிவிட்டார். 1-0. ஆட்டமும் அப்படியே முடிந்தது.

என்னிடம் இருந்தது என்ன? தூரத்தில் சிவப்பு மஞ்சள் உடையில் ஒரு முதுகு. அடுத்த படத்தில் அந்த முதுகின் மேல் ஏறிய நான்கு முதுகுகள். சென்னையிலிருந்து கொல்கத்தா வரைக்கும் போய், நான்கரை வருடம் காத்திருந்த கூட்டத்துக்கு எங்கள் ஊர்ப் பையன் கொடுத்த கோலை நான் எடுக்கவில்லை. அன்று இரவு விடுதி அறையில் தூக்கம் வரவில்லை. தவறவிட்ட படம் ஒன்று வயிற்றில் கல் மாதிரி கிடக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது இருட்டறை வழியாக. 1993இல் நேரு கோப்பை சென்னையில் நடந்தபோது எனக்கு இருபது வயது. புதுப்பித்துக் கட்டிய நேரு மைதானத்துக்கு எங்கள் சீஃப் போட்டோகிராபரோடு போனேன். என் வேலை அவருடைய பையைச் சுமப்பது, முடிந்த ஃபிலிம் சுருளில் பென்சிலால் நம்பர் போடுவது, அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஆபீசுக்குப் பறப்பது. சார் வைத்திருந்தது கையால் ஃபோகஸ் செய்கிற 300 மி.மீ. லென்ஸ். ஒரு சுருளுக்கு 36 படம். மாலை மங்கிவிட்டால் 400 வேக ஃபிலிமை 1600 என்று வைத்துக்கொண்டு எடுப்பார். இருட்டறையில் கூடுதல் நேரம் கழுவி நான் அதை மீட்க வேண்டும். மீண்டு வரும் படத்தில் கோதுமை ரவை தூவினது போலப் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் ஒரு முகம் மெல்ல மெல்ல எழுந்து வருவதைச் சிவப்பு விளக்கில் பார்த்த நாளில்தான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

சார் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதிகமில்லை. "பந்து, முகம், மோதல். மூணும் ஒரே ஃப்ரேம்ல இருக்கணும்ப்பா. ரெண்டு இருந்தா உள்பக்கம். ஒண்ணுதான் இருக்குன்னா ஆபீசுக்கே கொண்டு வராதே." விளையாட்டுப் பக்கத்துக்கு அதுதான் இலக்கணம். இன்றைக்கும் எந்த டெஸ்க்கும் பந்து இல்லாத படத்தை ஒரு நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. அந்த இலக்கணத்தை முப்பது வருடம் மீறாமல்தான் நானும் பிழைத்தேன்.

இப்போது கருவிகள் மாறிவிட்டன. 400 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8 திறப்பு, மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை, அதைத் தாங்க ஒற்றைக்கால் மோனோபாட். முழங்கால் பக்கத்தில் இரண்டாவது கேமராவில் 70-200. ஆட்டக்காரர் கிட்டத்தில் வந்துவிட்டால் பெரிய லென்ஸில் மூக்கு மட்டும்தான் தெரியும், அப்போது அதைக் கைவிட்டுச் சின்னதை எடுக்க வேண்டும். அந்த ஒரு நொடி மாற்றத்தில் கோட்டை விட்ட படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கும். ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் உதைக்கிற கால் புகையாகிவிடும். விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருப்பதால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்த படம் பச்சையாகவும் வரும். ஒரு நொடிக்கு இருபது படம் எடுக்கிற கேமரா இருந்தும் இந்தத் தொல்லைகளெல்லாம் போகவில்லை. ஆனால் தேடிப் போக வேண்டிய இடத்தைக் கேமரா சொல்லாது. கேமரா எவ்வளவு வேகமானாலும் அது பார்ப்பது ஒரு சன்னலைத்தான்.

நான் எடுத்த ஆட்டங்கள் எதையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. கண்ணாடிக்குள் ஒரு ஆள், அவரைச் சுற்றி இரண்டு கஜம் இடம், அவ்வளவுதான். கோல் எப்படி விழுந்தது என்று வீட்டில் டிவி பார்த்தவர்கள் எனக்குச் சொல்வார்கள். நான் இரவில் மறுஒளிபரப்பைப் பார்க்க மாட்டேன். வேண்டுமென்றே கடைப்பிடிக்கிற பழக்கம் அது. டிவியில் ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தக் கோணம் என் மனதில் இருந்ததை அழித்துவிடும். நான் கண்ணால் பிடித்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமாவது என்னுடையதாக இருக்கட்டும்.

கொல்கத்தாவின் இந்த இரண்டு கிளப்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோகன் பகான் 1889இல் தொடங்கியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்றது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அணி அது. ஷீல்டுடன் அவர்கள் உட்கார்ந்திருக்கிற குழுப்படம் பல வங்காள வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஈஸ்ட் பெங்கால் 1920 ஆகஸ்ட் 1 அன்று பிறந்தது. பிரிவினையில் கிழக்கிலிருந்து வீடு வாசலை விட்டு வந்தவர்கள் அந்த கிளப்பைத் தங்கள் ஊராகவே நினைத்தார்கள். ஈஸ்ட் பெங்கால் பக்கம் இலிஷ் மீன், மோகன் பகான் பக்கம் இறால். ஜெயித்த நாளில் எந்த மீன் விலை ஏறுகிறது என்று பார்த்தே ஸ்கோரைச் சொல்லலாம் என்பார்கள். இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவர்கள் ஆட்டத்தின்போது கேலரியில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்துபோனார்கள். வங்காளத்தில் அந்த நாளைக் கால்பந்து ரசிகர் நாளாக நினைவுகூர்கிறார்கள். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு சால்ட் லேக்கில் 1,31,000 பேருக்கு மேல் கூடினார்கள். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது. அன்றைக்கு அங்கே இருந்த போட்டோகிராபர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் கோலைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், சத்தத்தைப் பற்றித்தான் சொல்வார்கள்.

தெற்கிலிருந்து ஆட்டக்காரர்கள் அங்கே போவதும் புதிதில்லை. 1950ஐ ஒட்டிய வருடங்களில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசை ஐவரைப் பஞ்ச பாண்டவர்கள் என்று அழைத்தார்கள். அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், சாலே, தன்ராஜ். ஐந்து பேருமே தென்னாட்டுக்காரர்கள். பிறகு எங்கள் ராமன் விஜயன் அங்கே ஆடினார். கொல்கத்தாவில் ஒரு கோல் அடித்துவிட்டால் அந்த ஊர் உங்களைத் தத்தெடுத்துக்கொள்ளும். ஆகஸ்ட் மாதத்துக்குப் பிறகு நந்தகுமார் அங்கே நந்தா ஆகிவிட்டார். சால்ட் லேக் வாசலில் சட்டை விற்கிற ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீங்க நந்தா ஊரா?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அந்தப் படம் கையில் இல்லாமல் அந்த டீயைக் குடித்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சென்னை சென்ட்ரலில் காலையில் கோரமண்டல் ஏறினால் நள்ளிரவு தாண்டிப் புவனேஸ்வரம். பத்திரிகை வேலையை விட்டு அப்போது சில வருடம் ஆகியிருந்தது. படத்துக்கு இவ்வளவு என்று கூலி. டிக்கெட் என் காசு. போவதற்கு முன் ஒரு நாளிதழின் டெஸ்க்கைக் கூப்பிட்டேன். "கத்தார்ல ஆசியக் கோப்பை ஓடுதுங்க. உங்க ஆட்டத்துக்கு ஒரு பத்தி இடம் கிடைச்சா பெரிசு" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவுதான் இந்தியா உஸ்பெகிஸ்தானிடம் 0-3 என்று தோற்றிருந்தது. அந்த இந்திய அணிக்கு மோகன் பகானிலிருந்து ஏழு பேர் போயிருந்தார்கள், ஈஸ்ட் பெங்காலிலிருந்து இரண்டு பேர். இதை வைத்தே, இந்த ஆட்டத்துக்கு மதிப்பில்லை என்று சிலர் பேசினார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆள் குறைந்த அணி என்று கேலரியில் ஒருவர்கூட நினைத்ததாகத் தெரியவில்லை. ஹௌராவிலிருந்து ரயிலில் வந்து ஸ்டேஷன் வாசலிலேயே கொடியை விரித்துக்கொண்டு நின்றவர்களைக் காலையில் பார்த்தேன். ஒரு தாத்தாவும் பேரனும் ஒரே மஃப்ளரை இரண்டு முனையில் பிடித்திருந்தார்கள்.

கணக்கும் இறுக்கமானது. இரண்டு அணிகளுமே முதல் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து ஆறு புள்ளிகளில் நின்றன. பிரிவில் முதலிடம் பிடிக்கிறவர் மட்டும்தான் அரையிறுதிக்குப் போவார். கூடுதல் கோல் போட்டிருந்ததால் ஈஸ்ட் பெங்காலுக்கு டிரா போதும், மோகன் பகானுக்கு வெற்றி வேண்டும்.

என் பக்கத்தில் கொல்கத்தா போட்டோகிராபர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வங்காளிகள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் அவரைத் தாதா என்போம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூர்வீகம் டாக்கா பக்கம், ஆகவே எந்த அணி என்று கேட்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. போட்டோகிராபருக்கான பிப்பை மாட்டிக்கொண்டு வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் கை தட்டக் கூடாது, எழுந்து குதிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. மரியாதைக்காக மட்டும் இல்லை. குதித்தால் படம் ஆடிவிடும். சொந்த அணி கோல் அடிக்கிற நொடியில் எடுத்த படங்கள் பலருக்கும் மங்கலாகத்தான் இருக்கும். எதிரணி ஆள் எடுத்த படம் கத்தி மாதிரி இருக்கும். தாதா நாற்பது வருடமாக ஈஸ்ட் பெங்கால் கோல்களைக் கை நடுங்காமல் எடுத்தவர். எப்படி என்று கேட்டேன். "மூச்சை அடக்கிக்குவேன். அழுகையை ஆபீசுக்குப் போய் வெச்சுக்குவேன்" என்றார்.

19ஆவது நிமிடத்தில் ஹெக்டர் யுஸ்தே மோகன் பகானுக்கு கோல் போட்டார். மறுகோடி. சிவப்பு மஞ்சள் கேலரி சட்டென்று அமைதியானது. அந்த அமைதியை எடுக்க முடியுமா என்று லென்ஸைக் கேலரிப் பக்கம் திருப்பினேன். வரவில்லை.

24ஆவது நிமிடத்தில் பிரேசில்காரர் கிளைட்டன் சில்வா சமன் செய்தார். எங்களுக்கு நேர் எதிரே. அந்த வரிசை முழுக்க எனக்குக் கூர்மையாக விழுந்தது. உதைப்பதற்கு முந்தின படம், உதைத்ததற்குப் பிந்தின படம், வாய் திறந்தது, கைகள் விரிந்தது. பந்து, முகம், மோதல் மூன்றும். மடியில் லேப்டாப்பை விரித்தேன். படத்தை வெட்டி, பெயர், நிமிடம், தேதி எழுதி, செல்போன் வழியாக அனுப்ப நான்கு நிமிடம். முன்பெல்லாம் ஃபிலிம் சுருளை வெளியூர் பஸ் டிரைவர் கையில் கொடுத்து, அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி அனுப்பியவன் நான். இப்போது நான்கு நிமிடம் தாமதம் என்றால் டெஸ்க்கில் முகம் சுளிக்கிறார்கள். அனுப்புகிற அந்த நான்கு நிமிடம் ஆட்டம் எனக்கு இல்லை. தலையைக் குனிந்திருப்பேன், காது மட்டும் மைதானத்தில் இருக்கும். கூட்டத்தின் சுருதி ஏறினால் லேப்டாப்பை அப்படியே தள்ளிவிட்டுக் கேமராவுக்குப் பாய வேண்டும்.

இடைவேளை நெருங்கும்போது மோகன் பகானுக்குப் பெனால்டி. டிமிட்ரி பெட்ராடோஸ் உதைக்கப் போகிறார். முந்தின செப்டம்பரில் டூராண்ட் இறுதியில் இதே ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஒரே கோலை அடித்துக் கோப்பையைப் பிடுங்கியவர். அதுவும் மறுகோடியில்தான். எங்கள் வரிசையில் பலர் சலித்துக்கொண்டார்கள். பெனால்டிக்கு உதைக்கிறவருக்குப் பின்பக்கம் கெட்ட இடம் என்பது வழக்கமான எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோலானால் கொண்டாட்டம் கேலரியை நோக்கிப் போகலாம், அது போகட்டும். கோலாகாவிட்டால்? உதைத்தவர் திரும்பித்தானே நடக்க வேண்டும். அவர் திரும்புகிற திசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். உதைக்கும் நொடியை விட்டுவிட்டு, பெட்ராடோஸின் முதுகிலேயே ஃபோகஸை வைத்துக் காத்திருந்தேன். பந்து கோலாகவில்லை. கூட்டத்தின் இரைச்சலில் எனக்கு அது தெரிந்தது, கண்ணால் பார்க்கவில்லை. அவர் திரும்பினார். தூரம் அதிகம், முகம் சிறியது, வெட்டினால்தான் தேறும். ஆனாலும் என் வாழ்க்கையில் பெனால்டியில் எடுத்த நல்ல படங்களில் அது ஒன்று என்று சொல்வேன். பந்தைத் தவறவிட்டவருடைய முகத்தில் கோபமோ அழுகையோ உடனே வருவதில்லை. முதலில் ஒரு வெறுமை வரும். ஏதோ சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிக்கிற மாதிரி. அது அரை நொடிதான் இருக்கும்.

இடைவேளையில் முக்காலி, பை, லேப்டாப், இரண்டு கேமராவோடு மறுபக்கம் ஓடினேன். ஐம்பது வயதில் ஓட்டப்பாதையில் ஓடுவதற்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை, ஆனால் நல்ல இடம் கிடைக்கும். தாதா வரவில்லை. முழங்கால் வலி. அவர் அங்கேயே இருந்துவிட்டார்.

அங்கே உட்கார்ந்ததும்தான் அந்த முடிவை எடுத்தேன். இந்தத் தொழிலில் அது கிட்டத்தட்டத் தவறு. பந்தைத் தொடரப் போவதில்லை. நந்தாவை மட்டும்தான் தொடரப் போகிறேன். பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பதினெட்டு நிமிடம் அப்படியே இருந்தேன். பந்து இல்லாத ஆட்டக்காரரைப் பார்ப்பது தனி அனுபவம். டிவியில் இது ஒருபோதும் கிடைக்காது. நின்ற இடத்தில் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுகிறார். தோளுக்கு மேலாக ஒருமுறை பார்க்கிறார், எதிர்த் தடுப்பாளர் எங்கே என்று. பத்து கஜம் ஓடுகிறார், பந்து வரவில்லை, திரும்பி நடக்கிறார். மறுபடியும் அதே பத்து கஜம். ஒரு விங்கர் ஓடுகிற ஓட்டத்தில் பெரும்பகுதி வீண் ஓட்டம். அதை யாரும் எழுதுவதில்லை, யாரும் படம் எடுப்பதில்லை. வடசென்னை மைதானங்களில் புழுதியில் ஓடுகிற பையன்களின் ஓட்டமும் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்களுக்கும் பந்து சுலபத்தில் வராது.

63ஆவது நிமிடம். கண்ணாடிக்குள் அவருடைய முகம் மாறியது. கண் கூர்மையானது, உதடு இறுகியது, தலை கொஞ்சம் தாழ்ந்தது. என் விரல் அழுந்தியது. பந்து எங்கிருந்து வந்தது, யார் தட்டிவிட்டார்கள், எப்படி உள்ளே போனது, எதுவும் எனக்குத் தெரியாது. கூட்டம் வெடித்த பிறகுதான் கோல் என்று தெரிந்தது. 2-1. விரலை எடுக்காமல் இருந்தேன். மூச்சை அடக்கினேன், தாதா சொன்ன மாதிரி. 80ஆவது நிமிடத்தில் கிளைட்டன் இன்னொன்று போட்டு 3-1 ஆக்கினார். அதுவும் என் பக்கம்தான். அதை எல்லோரையும் போல ஒழுங்காக எடுத்தேன்.

கடைசி விசிலுக்குப் பிறகு ஓட்டப்பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து படங்களைப் புரட்டினேன். நந்தாவின் கோல் வரிசையில் முப்பத்தொரு படம். முகம் ஒவ்வொன்றிலும் அவ்வளவு தெளிவு, நெற்றியில் ஒட்டிய முடி வரைக்கும். 400 மி.மீ.இல் கிட்டத்தில் வந்துவிட்டதால் எல்லாமே இடுப்புக்கு மேலே. பந்து ஒன்றில்கூட இல்லை.

தாதா மெதுவாக நடந்து வந்து என் திரையைக் குனிந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. அழுகையை அவர் இந்த முறை ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோகவில்லை. ஒரு படத்தில் நிறுத்தச் சொன்னார். பந்து கோலுக்குள் போனதா என்று இன்னும் நந்தாவுக்கே தெரியாத நொடி. வாய் திறக்கத் தொடங்கியிருக்கிறது, கண் மட்டும் முந்திக்கொண்டுவிட்டது.

"இதை அனுப்பு" என்றார்.

"பந்து இல்லையே தாதா."

"அனுப்பு."

அனுப்பினேன். டெஸ்க் அதைப் போடவில்லை. கிளைட்டனின் முதல் கோல் ஒரு பத்தி அகலத்தில் வந்தது. எனக்கு வருத்தம் இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன். அன்றைக்கும் முதல் பக்கம் கத்தாரில் இந்தியா தோற்ற செய்திக்கே போனது.

இறுதி ஆட்டத்துக்கு நான் இருக்கவில்லை. ஜனவரி 28 அன்று ஈஸ்ட் பெங்கால் அதே மைதானத்தில் ஒடிசா அணியைக் கூடுதல் நேரத்தில் 3-2 என்று வென்று கோப்பையைத் தூக்கியபோது நான் அயனாவரத்தில் ஒரு காதுகுத்து விழாவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். 2012 ஃபெடரேஷன் கோப்பைக்குப் பிறகு அவர்களுக்கு முதல் தேசியக் கோப்பை. அந்த இறுதியிலும் நந்தா ஒரு கோல் போட்டார். முந்தின வருடம் இதே கோப்பையை ஜெயித்த ஒடிசா அணியில் அவர் இருந்தார் என்பதை நினைத்தால் அந்த கோலுக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசை. வேறு யாராவது எடுத்திருப்பார்கள். எடுத்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தை மட்டும் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் பிரிண்ட் போட்டேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வியாசர்பாடிப் பக்கம் பையன்கள் பயிற்சி எடுக்கிற மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே நான் அவ்வப்போது போவதுண்டு. பையன்கள் சுற்றி மொய்த்துக்கொண்டார்கள். வியர்வைக் கை படாமல் இருக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, கையிலிருந்து கைக்கு மாற்றினார்கள். பந்து எங்கே என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. ஷூ இல்லாமல் சாக்ஸோடு நின்ற ஒரு பையன், பத்து வயது இருக்கும், நெடுநேரம் படத்தைப் பார்த்தான்.

"எந்தக் கால்ல அடிச்சாரு அங்கிள்?"

"தெரியலப்பா. நான் முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

அவன் மறுபடியும் படத்தைப் பார்த்தான். தோள் சாய்ந்திருக்கிற விதத்தைத் தன் தோளில் வைத்துப் பார்த்தான். ஒரு கையை விரித்து, இன்னொரு கையைப் பின்னால் இழுத்து, தலையைத் தாழ்த்தினான். பிறகு படத்தைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு மைதானத்துக்குள் ஓடினான். வலது காலால் ஒருமுறை, இடது காலால் ஒருமுறை, இல்லாத பந்தை உதைத்துப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினான்.

"இடது அங்கிள்!"